மண்டை ஓடு உருவாகவில்லை என்றால் முதலில் தவறியது எது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு 12 வார ஸ்கேனில் "குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவில்லை, அனென்செபலி" என்று சொல்லிவிட்டார்கள். அத்தை மகனைத் திருமணம் செய்தவர். ஒன்பதாவது வாரத்தில் படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். கிரகணத்தன்று வெளியே போயிருக்கிறார். எட்டாவது வாரத்தில் எழுதிக்கொடுத்த ஃபோலிக் ஆசிட் மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டிருக்கிறார். "ஓடு ஏன் வளரவில்லை, ஓடு இல்லாததால்தான் மூளை பாழானதா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் நீங்கள் எழுதாத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இது எந்த நாளில் நடந்தது, அன்றைக்கு அவர் என்ன செய்தார்? வீட்டில் எல்லோரும் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால் தேதியிலிருந்தே தொடங்குகிறேன்.

மருத்துவமனையில் கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். கரு உண்டாவதோ அதற்குச் சுமார் 14 நாள் கழித்து. கருவியல் புத்தகங்கள் கரு உண்டான நாளை வைத்து எண்ணும். இந்த 14 நாள் வித்தியாசத்தைக் கவனிக்காததால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. கரு உண்டான 18ஆம் நாள் வாக்கில் அதன் முதுகுப் பக்கத்தில் தட்டையான ஒரு செல் பட்டை தடிக்கிறது. இதுதான் நரம்புத் தட்டு. பிற்காலத்து மூளையும் தண்டுவடமும் முழுக்க இதிலிருந்தே வருகின்றன. பாயின் இரண்டு ஓரத்தையும் தூக்கி நடுவில் சேர்ப்பதுபோல இந்தத் தட்டின் ஓரங்கள் எழும்பி, வளைந்து, ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொண்டு நரம்புக் குழாய் ஆகின்றன. ஒட்டுவது 22ஆம் நாள் வாக்கில் கழுத்துப் பகுதியில் தொடங்கி, ஜிப் இழுப்பதுபோல மேலும் கீழுமாக நகர்கிறது. தலைப் பக்கத்துத் திறப்பு 25ஆம் நாள் வாக்கில் மூடும், இடுப்புப் பக்கத்துத் திறப்பு 28ஆம் நாளுக்குள். இவ்வளவும் நடக்கும்போது கருவின் நீளம் சில மில்லிமீட்டர்தான்.

இதை உங்கள் தங்கையின் காலண்டரில் வைத்துப் பாருங்கள். 25ஆம் நாள் என்றால் மருத்துவமனைக் கணக்கில் 5 வாரம் 4 நாள். மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வருபவராக இருந்தால், நாள் தள்ளிப்போய் 11 நாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, வீட்டில் கார்டு டெஸ்ட் செய்து, மருத்துவரைப் பார்க்க நாள் குறிப்பதற்குள் தலைப் பக்கம் மூட வேண்டிய கெடு முடிந்துவிடுகிறது. அதற்குள் மூடவில்லை என்றால் பிறகு மூடாது. எட்டாவது வாரத்து மாத்திரை இரண்டு வாரத்துக்கும் மேல் தாமதம். அது அவர் தவறல்ல, பெரும்பாலானவர்களுக்கு முதல் செக்கப்பில்தான் அந்த மாத்திரை கைக்கு வருகிறது. ஒன்பதாவது வாரத்தில் விழுந்தது நடந்து முடிந்த ஒன்றை மாற்றியிருக்க முடியாது. அதற்கு முன்பே விழுந்திருந்தாலும் இது வந்திருக்காது, அந்த வாரங்களில் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பப்பாளி, அன்னாசி என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கும் இதே பதில்தான்.

இனி ஓடா மூளையா என்பது. நீங்கள் நினைத்த வரிசைக்கு நேர் எதிராகத்தான் நடந்திருக்கிறது. மண்டையின் அடித்தளம் முதலில் குருத்தெலும்பாக உருவாகி, பிறகு எலும்பாகும். மேற்கூரை அப்படியில்லை. மூளைக்கும் தோலுக்கும் நடுவே பரவும் மெல்லிய திசுப்படலத்தில் நேரடியாக எலும்பு படிந்து உருவாகிறது. நரம்புக் குழாய் மூடி, தோல் தனியாகப் பிரிந்து மேலே வந்தால்தான் "மூளைக்கும் தோலுக்கும் நடுவே" என்றொரு இடமே உண்டாகும். குழாய் மூடாதபோது மூளைத்திசுவின் ஓரம் தோலோடு நேராக இணைந்து, தலை திறந்தபடி நின்றுவிடுகிறது. எலும்பு படிய இடமே இல்லை. எலும்பு உண்டாக்கும் செல்களில் கோளாறு இருக்க வேண்டியதில்லை, அவை நிற்பதற்கு ஒரு தளம் அமையவில்லை. முகமும் மண்டை அடித்தளமும் ஓரளவு உருவாகியிருக்க, நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லாமல் கண்கள் பிதுங்கித் தெரிவது இதனால்தான்.

அனென்செபலி என்றால் மூளை இல்லாத நிலை என்று பொருள். அந்தப் பெயரே கொஞ்சம் ஏமாற்றும். தொடக்கத்தில் மூளைத்திசு இருக்கத்தான் செய்தது. 11, 12 வார ஸ்கேனில் பல நேரம் இரண்டு பக்கமும் குமிழ்போல மூளை வெளியே தெரியும். மூடியில்லாத அந்தத் திசு பனிக்குட நீரில் நனைந்தும் உரசியும் நாளாக நாளாகக் கரைகிறது. நான்காம், ஐந்தாம் மாதத்தில் பார்த்தால் பெரும்பகுதி போயிருக்கும். மூளைத்தண்டு பெரும்பாலும் மிஞ்சுவதால் சில குழந்தைகள் உயிரோடு பிறந்து சில மணி நேரம், சில நாள் மூச்சுவிடுவதுண்டு. அதைத் தாண்டி வாழ்வதில்லை. எந்த அறுவை சிகிச்சையாலும் இதைச் சரிசெய்ய முடியாது. இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, மருத்துவ வாரியம் உறுதி செய்யும் கடுமையான ஊனங்களுக்கு 24 வார வரம்பு பொருந்தாது. 12 வாரத்தில் அந்த வாரியம்கூடத் தேவைப்படாது. முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் தங்கை. அவசரப்படுத்த எவருக்கும் காரணம் இல்லை.

ஏன் மூடவில்லை? தெளிவாகத் தெரிந்ததிலிருந்து சொல்கிறேன். தட்டு வளைவதற்கு அதன் செல்கள் மேல்முனையில் சுருங்கி ஆப்பு வடிவம் எடுக்க வேண்டும், கீழேயுள்ள திசு பெருகி ஓரங்களைத் தூக்கிவிட வேண்டும், தொட்ட ஓரங்கள் ஒட்ட வேண்டும். தலைப் பகுதியில் தட்டு அகலம் அதிகம், ஓரங்கள் முதலில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்று பிறகுதான் உள்நோக்கித் திரும்புகின்றன. வேலை கூடுதல், அவகாசமோ சில நாள்தான். இந்த நாட்களில் செல்கள் மிக வேகமாகப் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் டி.என்.ஏ. படியெடுக்க ஃபோலேட் வேண்டும் (ஃபோலிக் ஆசிட் மாத்திரை தருவது இந்தச் சத்தைத்தான்). 1991இல் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் வெளியிட்ட சோதனை இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. முன்பு ஒருமுறை இப்படிப்பட்ட குழந்தையைச் சுமந்த பெண்களில், கரு உண்டாகும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட் எடுத்த குழுக்களில் 6 கருக்களுக்கும், எடுக்காத குழுக்களில் 21 கருக்களுக்கும் பாதிப்பு வந்தது. ஆபத்து 72 சதவீதம் குறைந்தது.

இதே உறுதியோடு சொல்லக்கூடியவை இன்னும் இரண்டு. கரு உண்டாகும்போது கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் ஒன்று. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மற்றொன்று, இது தண்டுவடப் பக்கத்துத் திறப்பைத்தான் அதிகம் பாதிக்கும். (வால்ப்ரோயேட் எடுக்கும் யாராவது இதைப் படித்தால், மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறுவதுதான் வழி.) முதல் வாரங்களில் வரும் கடுமையான காய்ச்சல், உடல் பருமன், பி12 குறைபாடு ஆகியவற்றுக்குப் புள்ளிவிவரத் தொடர்பு கிடைத்திருக்கிறது. அவை தாமே காரணமா, வேறொன்றின் நிழலா என்பது முடிவாகவில்லை. நரம்புக் குழாயை ஃபோலேட் மூடவைக்கும் துல்லியமான வழியும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஃபோலேட் குறையே இல்லாத தாய்மாருக்கும் இது வருவதுண்டு. எலிகளில் குழாயை மூடாமல் போக வைக்கும் மரபணுக்கள் முந்நூறுக்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. மனிதரில் பெரும்பாலும் தனியொரு மரபணுவைச் சுட்ட முடிவதில்லை, பல சிறு காரணங்கள் ஒரே வாரத்தில் கூடிவிடுகின்றன. ஃபோலேட்டை உடல் பயன்படுத்த உதவும் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவுக்கான பரிசோதனையைச் சில லேப்கள் இதற்காக விற்கின்றன. அதன் முடிவு எதுவானாலும் மாத்திரையும் அளவும் மாறப்போவதில்லை. அந்தப் பணம் மிச்சம்.

ஓடும் மூளையும் என்ற உங்கள் கேள்விக்குத் திரும்பினால், அனென்செபலிக்கு வெளியேயும் அநேகமாக மூளைதான் முன்னால் போகிறது, ஓடு பின்தொடர்கிறது. குழந்தையின் மண்டை எலும்புகள் ஒட்டிய ஒரே ஓடாகப் பிறப்பதில்லை. எலும்புத் தகடுகளுக்கு நடுவே நார்த்திசுப் பொருத்துகள் இருக்கின்றன, அவை கூடும் இடத்தில் உச்சிக்குழி. உள்ளே மூளை பெருகும் அழுத்தத்தில்தான் பொருத்தின் ஓரங்களில் புது எலும்பு சேர்கிறது. மூளை வளராவிட்டால் தலையும் சிறுத்தே நிற்கும். 2015, 2016இல் பிரேசிலில் ஜிகா வைரஸ் தாக்கிய தாய்மாருக்குச் சிறுதலைக் குழந்தைகள் பிறந்தது இப்படித்தான். அந்த வைரஸ் நரம்பு செல்களைப் பெற்றுத்தரும் மூல செல்களையே கொல்கிறது. "உச்சிக்குழி சீக்கிரம் மூடிவிட்டது, அதனால்தான் மூளை வளரவில்லை" என்று சிறுதலைக் குழந்தைகளின் பெற்றோர் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அவர்களுக்கு ஓட்டைத் திறந்துவிட்டால் மூளை வளர்ந்துவிடாது.

ஓடே முந்திக்கொள்ளும் நோயும் ஒன்று உண்டு. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புக்கு ஒன்றில் ஏதாவதொரு பொருத்து நேரத்துக்கு முன்பே எலும்பாகி ஒட்டிவிடுகிறது. ஒட்டிய பொருத்துக்குக் குறுக்காக வளர்ச்சி நின்று, பொருத்து ஓடும் திசையில் தலை நீள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் ஃபிர்ஷோ 1851இலேயே எழுதினார். உச்சி நடுப் பொருத்து ஒட்டினால் தலை படகுபோல முன்பின்னாக நீளும். இங்கே மூளை நன்றாகவே இருக்கிறது, இடம்தான் போதவில்லை. அதனால் முதல் வயதுக்குள் அறுவை செய்வதில் அர்த்தம் உண்டு. விரல்களும் ஒட்டிப் பிறக்கும் ஏப்பெர்ட் நோய்க்குறியில் எஃப்.ஜி.எஃப்.ஆர். 2 என்ற மரபணுவில் அநேகமாக இரண்டே இரண்டு எழுத்துப்பிழைகள்தான் காரணம். தந்தையின் வயது கூடக்கூட அது அதிகம் வருகிறது. தாயையே குறை சொல்லும் வீடுகளில் இதை ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது. மல்லாந்தே படுப்பதால் பின்மண்டை தட்டையாவது இதில் சேராது, அதில் பொருத்து திறந்தே இருக்கும். குளிப்பாட்டும்போது பாட்டி தலையை உருட்டிப் பிடித்துவிடுவதால் ஒட்டிய பொருத்து திறக்காது.

தேதி மாறினால் ஊனமும் மாறும் என்பதற்கு இன்னும் சில. குழாய் மூடிய கையோடு, கரு உண்டான ஐந்தாவது வாரத்தில் முன்மூளை இடம் வலம் என்று பிரிய வேண்டும். அடியிலிருந்து வரும் ஒரு வேதிச் சமிக்ஞை அதைப் பிரிக்கிறது. (சானிக் ஹெட்ஜ்ஹாக் என்று அதற்குப் பெயர், வீடியோ கேம் பாத்திரத்தை வைத்து விளையாட்டாக இட்டது நிலைத்துவிட்டது.) அது தடைபட்டால் மூளை ஒற்றை உருண்டையாக நின்று, முகமும் நடுக்கோட்டில் பிசகும், மிகக் கடுமையானால் ஒற்றைக் கண். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950களில் ஒற்றைக் கண் ஆட்டுக்குட்டிகள் பிறந்தபோது, சினையான 14ஆம் நாளில் தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு மலைச்செடிதான் காரணம் என்று தெரிந்தது. அதிலுள்ள சைக்ளோபமைன் இந்தச் சமிக்ஞையைத்தான் அடைக்கிறது. மனிதக் குழந்தைகளில் 13ஆம் குரோமோசோம் கூடுதலாக இருப்பது இதற்கு முக்கியமான காரணம்.

மூன்றாம் மாதத்திலிருந்து வேறு வேலை தொடங்குகிறது. மூளையின் உள்ளறை ஓரத்தில் பிறக்கும் நரம்பு செல்கள் கம்பம் ஏறுவதுபோல வெளிப்புறணி வரை ஏறிப் போகின்றன. பின்னால் பிறந்தவை முன்னால் போனவற்றைத் தாண்டி மேலே போய் அமர்கின்றன. லிஸ் 1 போன்ற மரபணு பழுதானால் ஏற்றம் பாதியில் நின்று, மடிப்பில்லாத வழுவழு மூளை மிஞ்சும். இதில் ஒரு நடைமுறைச் சிக்கல்: 20 வாரத்தில் எல்லாக் குழந்தைகளின் மூளையும் ஏறக்குறைய வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஆகவே ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில் இந்தக் கோளாறு பெரும்பாலும் பிடிபடாது. அங்கே "நார்மல்" என்று எழுதியிருந்து பிறகு இது தெரியவந்தால், ஸ்கேன் செய்தவர் கோட்டைவிட்டார் என்று உடனே முடிவு கட்டக்கூடாது. 12 வாரத்தில் ஓடு இல்லாதது தெரிந்ததோ நேர்மாறான கதை, 11 வாரத்துக்கு மேல் ஓட்டின் எலும்பு பளிச்சென்று வெள்ளைக் கோடாகத் தெரிய வேண்டும், அது இல்லையென்றால் தவறவிட வழியில்லை.

அடுத்த குழந்தை பற்றி. வேறெந்தக் குறையும் சேராமல் தனித்து வந்த அனென்செபலி என்றால், அடுத்த கர்ப்பத்தில் நரம்புக் குழாய்க் குறை திரும்ப வரும் வாய்ப்பு 100க்கு 2 முதல் 5. திரும்பினால் இதே வடிவில்தான் வரும் என்றில்லை, முதுகில் திறப்பாகவும் வரலாம். கரு உண்டாகும் முன்பே மாத்திரை ஆரம்பித்தால் அந்த எண் ஏறக்குறைய 1க்கு இறங்குகிறது. முன்பு இப்படி நேராத பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். உங்கள் தங்கைக்கு 4 மில்லிகிராம் தேவை, நம் ஊர் மருந்துக்கடையில் 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும். கர்ப்பத்துக்கு முயலும் முன் குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் தினம் ஒன்று, பிறகு 12 வாரம் முடியும்வரை. இந்த அளவை எட்டுவதற்காக மல்டிவைட்டமினை நாலைந்தாக விழுங்கிவிட வேண்டாம், அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் அதுவே கருவைக் கெடுக்கும். சுத்த சைவமாக இருந்தால் தொடங்கும் முன் பி12 பார்த்துவிடுங்கள், அதிக ஃபோலிக் ஆசிட் பி12 குறையால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடும். சர்க்கரையும் அதே ஊசியில் பார்த்துவிடலாம். கர்ப்பமானதும் 12 வாரத்தில் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் முதுகுத்தண்டைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லி ஒரு ஸ்கேன்.

சொந்தத்தில் கல்யாணம் என்பதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. தனித்து வரும் அனென்செபலி பெரும்பாலும் ஒற்றை மரபணு நோய் அல்ல, அத்தை மகன் என்பதால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் தலைத் திறப்போடு வரும் மெக்கல் குரூபர் என்றொரு நோய்க்குறி இருக்கிறது. பின்மண்டையில் துளை விழுந்து மூளை பிதுங்கியிருக்கும், இரண்டு சிறுநீரகமும் நீர்க்கட்டிகளால் பெருத்திருக்கும், கையிலோ காலிலோ ஆறாவது விரல் இருக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு சேர்ந்தால்தான் அது வரும், சொந்தத்துக்குள் அது சேர வாய்ப்பு அதிகம். அதில் அடுத்த முறைக்கான எண் 100க்கு 25. எத்தனை மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டும் அதைத் தடுக்காது. இன்னொரு பக்கம், பனிக்குடச் சவ்வு கிழிந்து நாராகத் தலையைச் சுற்றியதாலும் ஓடு இல்லாமல் போகலாம். அப்போது குறை ஒருபக்கமாக, ஒழுங்கற்று இருக்கும், விரல்களிலும் நார் இறுகிய தழும்பு தெரியலாம். அது திரும்ப வருவது மிக அரிது. ஸ்கேனில் மூன்றுக்கும் ஒரே "மண்டை ஓடு இல்லை" என்ற வரி எழுதப்பட்டுவிட முடியும்.

படங்களைப் பார்க்காமல் இதில் எது என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் பார்க்கலாம்: அறிக்கையில் இரண்டு சிறுநீரகம், விரல்கள், முதுகுத்தண்டு பற்றி வரி இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே ஃபீட்டல் மெடிசின் (வயிற்றிலுள்ள குழந்தைக்கான மருத்துவம்) பார்ப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கர்ப்பத்தை முடித்துக்கொள்ளத் தங்கை தீர்மானித்தால், போகும் முன்பே கேட்டு வையுங்கள்: குழந்தையை வெளித்தோற்றத்தில் முழுமையாகப் பரிசோதித்துப் புகைப்படம், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், நஞ்சுக்கொடியையும் பார்க்க வேண்டும், முடிந்தால் உடற்கூறு பரிசோதனையும். மரபணுச் சோதனைக்கு ஒரு துண்டுத் தோலோ தொப்புள்கொடியோ தனியாக நார்மல் சலைனில் போட்டு அனுப்ப வேண்டும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். 100க்கு 3ஆ, 25ஆ என்று பிறகு கேட்டால் பதில் சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.